தேநீர் டம்ளரும் ஆற்று மடுவும்

கண்ணாடி டம்ளரில் வடிகட்டாத தேநீரைக் கலக்கிவிட்டுக் கரண்டியை எடுத்துப் பாருங்கள். சுழற்சி அடங்கும்போது தூளெல்லாம் அடியில் நடுவே வந்து குவிந்துவிடும். ஓரத்துக்கு அல்லவா ஒதுங்க வேண்டும்? அடிநீர் உராய்வால் வேகம் குறைந்து உள்நோக்கித் திரும்பும்போது தூளையும் இழுத்து வந்துவிடுகிறது.

1926-இல் ஐன்ஸ்டைன் இந்தத் தேயிலையைக் காட்டித்தான் ஆறுகள் ஏன் நெளிகின்றன என்று விளக்கினார். 1876-லேயே ஜேம்ஸ் தாம்சன் (இயற்பியலாளர் கெல்வின் பிரபுவின் அண்ணன்) ஆற்று வளைவில் இந்த ஓட்டத்தைச் சொல்லிவிட்டார். அவர் பெயரைப் பலரும் மறந்துவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

வளைவில் மேல்நீர் வெளிக்கரையில் மோதிக் கீழே இறங்குகிறது, கரையின் அடியைக் கொந்தளிப்போடு அரிக்கிறது, பிறகு மணலை உருட்டிக்கொண்டு தரையோடு உட்கரைக்கு வருகிறது. இத்தனையும் முன்னோக்கி ஓடிக்கொண்டே நடப்பதால் ஆறு திருகாணிபோல் முறுக்கிக்கொண்டு போகிறது. அதனால்தான் உட்கரையில் மணல்திட்டு, எதிரே மடு.

விடுமுறைக்குப் பிள்ளைகளை ஆற்றுக்கு அழைத்துப் போகிறவர்களே, தயவுசெய்து வெளிவளைவில் இறங்க விடாதீர்கள். மேலே நீர் அமைதியாகத்தான் தெரியும். அங்கே ஓட்டம் கீழ்நோக்கி இழுக்கிறது.