திராஸிலிருந்து திரும்பாத ஸ்ட்ரெச்சர்கள்

எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு ஷார்ட் சர்வீஸ் கமிஷனில், அதாவது சில வருஷங்களுக்கு மட்டும், ராணுவ டாக்டராகப் போகலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு: தாராளமாகப் போகலாம். டெல்லி இன்டர்வியூ, லக்னோ பயிற்சி எல்லாம் பெரிய விஷயமில்லை. காலாட்படைப் பட்டாலியனுக்கு ஆர்.எம்.ஓ.வாக, அதாவது அந்தப் படையோடேயே இருக்கும் டாக்டராகப் போட்டால் மட்டும் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் பார்த்தது 1999, கார்கில், திராஸ் பக்கம்.

குண்டுக்கு முன்னால் உயரம் ஆளைச் சாய்க்கும். 9,000 அடியிலிருந்து 12,000 வரை ஆறு நாள், 15,000 வரை நாலு நாள், அதற்கு மேலே போக இன்னும் நாலு நாள் உடம்பைப் பழக்க வேண்டும் என்பது விதி. சண்டை நேரத்தில் யார் பொறுப்பார்கள்? மேலே ஏறும்போது மூச்சு இரைத்தால் களைப்பாக இருக்கலாம். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கும் இரைக்கிறது, வறட்டு இருமல் வேறு என்றால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது. விடியட்டும் என்று பார்க்காதீர்கள், கீழே இறக்குங்கள். ஆக்சிஜனும் நிஃபெடிபின் மாத்திரையும் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை தாங்கத்தான்.

சலைன் உறைந்துபோகும், பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்திரி ஒட்டாது, துணியால் முடிச்சுப் போடுங்கள். பேனா எழுதாது, பென்சில்தான். காயம்பட்டவன் பையில் இருக்கும் அவனுடைய கட்டுத்துணியையே முதலில் பிரியுங்கள், உங்களுடையது அடுத்தவனுக்கு வேண்டியிருக்கும்.

வலி அடக்கும் மார்ஃபின் ஊசியில் ரொம்பக் கவனம். ரத்தம் இழந்து குளிரில் விறைத்தவனுக்குத் தசையில் போட்ட ஊசி அங்கேயே தங்கிவிடும். வலி அடங்கவில்லையே என்று இன்னொன்று போட்டால், கீழே போய் உடம்பு சூடானதும் இரண்டும் சேர்ந்து ரத்தத்தில் இறங்கி மூச்சை நிறுத்திவிடும். போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதுங்கள், நெற்றியிலும் குறியிடுங்கள்.

இனி, எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம். ஜூன் 13-ல் திராஸுக்கு மேலே இருக்கும் தோலோலிங் சிகரம் நம் கைக்கு வரும்வரை ஸ்ரீநகர்–லே சாலை எதிரியின் பார்வையிலேயே இருந்தது. ஆம்புலன்ஸ் இரவில், விளக்கை அணைத்துக்கொண்டுதான் வரும். செங்குத்துச் சரிவில் ஆளை முதுகில் கட்டி இறக்கி, நடக்க வாகான இடம் வந்தபிறகே ஸ்ட்ரெச்சர். தூக்கியவர்களில் பட்டாலியனின் பேண்ட் வாத்தியக்காரர்களும் உண்டு, சண்டையில் அவர்களுக்கு அதுதான் வேலை. ஆளோடு ஸ்ட்ரெச்சரும் போர்வையும் போனால் பதிலுக்குக் காலி ஸ்ட்ரெச்சரும் போர்வையும் வர வேண்டும். இருட்டில், ஷெல் விழுந்துகொண்டிருக்கும்போது, எந்த டிரைவர் எண்ணிக்கொடுப்பான்?

சண்டை முடிந்து கணக்கு ஒப்படைக்கப் போனால் ஸ்டோர் கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஸ்ட்ரெச்சர் குறைகிறதே டாக்டர் சாப், ரசீது எங்கே?" என்றார். போட்ட மார்ஃபினுக்குச் சாட்சியாகக் காலி ஆம்பூல், அந்த மருந்து இருந்த கண்ணாடிக் குப்பி, வேண்டுமாம். கண்ணாடிச் சில்லைப் பொறுக்க நான் மறுபடி மலை ஏற வேண்டும்!

காப்பாற்றியது என் நர்சிங் அசிஸ்டென்ட் ஹவில்தாரின் நோட்டு. பெயர், காயம், ஊசி போட்ட நேரம், எந்த ஸ்ட்ரெச்சரில் போனான் என்று பென்சிலில் வரிவரியாக எழுதிவைத்திருந்தார் மனுஷன். அதை வைத்து இழப்பு அறிக்கை தயாரித்தோம், பட்டாலியன் தலைவரான சி.ஓ. படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகும் கிளார்க் நோட்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "போர்வைக் கணக்கு இதில் இல்லையே" என்றார்.

ஆகவே, போர்வைக்கும் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.