சில்வர் பெயின்டும் ஒரு சொட்டு கிரவுன் ஆயிலும்

எஃப்.சி. (ஓடத் தகுதியான வண்டி என்ற சான்று) முடிந்து வந்த மூன்றாவது நாள் காலையில் லாரிக்கு அடியில் ஒரு சொட்டு கிடந்தது. ஐந்து ரூபாய்க் காசு அகலம். சிமென்ட் தரை என்பதால் கண்ணில் பட்டது. மண்ணில் நிறுத்தியிருந்தால் இன்னும் ஒரு மாதம் தெரிந்திருக்காது.

நாமக்கல் பக்கம் ஒரு சொட்டுக்கெல்லாம் யாரும் பதறமாட்டார்கள். "ஓடுற வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் பத்து டயர் வண்டி ஒன்றே ஒன்று வைத்து நானே ஓட்டுகிறவன். தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றி இங்கே கோழித்தீவன மில்லில் இறக்குவதுதான் வழக்கமான லோடு. தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்கிப் பழகியவனுக்கு, எந்தச் சொட்டு எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது.

விரலில் தொட்டு வெள்ளைத்தாளில் தேய்த்து மோந்து பார்த்தேன். கூலன்ட் என்றால் பச்சையோ ரோஸோ நிறம் இருக்கும், லேசாகத் தித்திப்பு வாடை அடிக்கும். டீசல் என்றால் தாளில் பரவிக்கொண்டே போகும். பழைய இன்ஜின் ஆயில் கறுப்பு. இதுவோ தேன் நிறம், கொழகொழப்பு, கெட்டுப்போன முட்டை நாற்றம். பல் தேயாமல் இருக்க கியர் ஆயிலில் கந்தகம் கலந்த மருந்து சேர்க்கிறார்கள். அந்த வாடை சட்டையில் ஏறினால் மூன்று துவைப்புக்கும் போகாது. சொட்டு கிடந்ததும் பின் ஆக்சிலுக்கு நேர் கீழே. சந்தேகமே இல்லை, கிரவுன் ஆயில், அதாவது பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் பல்சக்கரங்களுக்கு ஊற்றும் கியர் ஆயில். (கார் வைத்திருக்கும் மச்சான் பிரேக் ஆயிலாக இருக்குமோ என்று பயந்தான். பெரிய லாரிக்கு ஏர் பிரேக், மாப்ளே. ஒழுகினால் காற்றுதான் ஒழுகும்.)

ஆனால் சொட்டு விழுகிற இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்று நம்பக் கூடாது. ஓடும்போது எதிர்க்காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும், அது எங்கோ ஒரு போல்ட் முனையில் தொங்கிச் சொட்டும். அதனால் ஆக்சிலின் இரும்புக் கூடான ஹவுசிங்கை டீசல் விட்டுக் கழுவித் துடைத்தேன். நன்றாகக் காய்ந்ததும் வீட்டில் இருந்த முகப்பவுடர் டப்பாவைக் கவிழ்த்து முழுக்கத் தூவினேன். டப்பாவுக்கு வாங்கிய திட்டு தனிக்கதை. இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்து, டயருக்குக் கட்டை போட்டுவிட்டு அடியில் படுத்தேன்.

வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு பினியன் முனையில், அதாவது இன்ஜினிலிருந்து வரும் சுழற்சி ஆக்சிலுக்குள் நுழையும் இடத்தில், தொடங்கியிருந்தது. தலைக்கு மேலே, பாடியின் குறுக்குக் கட்டையில், வரிசையாக ஆயில் புள்ளிகள். பினியன் முனையில் மாட்டியிருக்கும் ஃபிளாஞ்ச் சுற்றுகிற சுற்றில் வீசியடித்தவை. ஆயிலை வெளியே விடாமல் பிடித்து நிறுத்தும் பினியன் ஆயில் சீல் போய்விட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பட்டறையில், இன்ஜின் பக்கமிருந்து ஆக்சிலுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, பினியன் நட்டு எந்த இடத்தில் நின்றது என்று பஞ்ச் உளியால் குறி வைத்துவிட்டுத் திறந்தார்கள். அந்தக் குறி முக்கியம். நட்டைக் கண்டபடி இறுக்கினால் பேரிங் சூடாகிப் போய்விடும். ஃபிளாஞ்சில் பழைய சீல் உரசிய இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தது. புது சீலை அதே பள்ளத்தில் உட்கார வைக்காமல் ஒரு நூல் உள்ளே தள்ளி அடித்தார்கள். ஃபில்லர் துளையின் விளிம்பு வரை ஆயில் ஊற்றி மூடினோம். நல்ல வேலை. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டே ட்ரிப். மறுபடி அதே இடத்தில் சொட்டு. போதாததற்கு, தொப்பூர் இறங்கும்போது பிரேக் பிடித்தால் வண்டி லேசாக வலப்பக்கம் இழுத்தது. கீழே வந்து ஓரங்கட்டிப் பார்த்தால், இடது பின் சக்கரத்தின் உள்டயர் பக்கவாட்டில் ஆயில் கோடு கோடாகச் சிதறி, அதன்மேல் புழுதி ஒட்டியிருந்தது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் சீலும் போச்சு. பிரேக் டிரம்முக்குள் ஆயில். அன்றைக்கு வீடு வரை முப்பதில்தான் ஓட்டினேன்.

பட்டறை அண்ணன் சக்கரத்தில் கைகூட வைக்கவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, எஃப்.சி.க்கு முன்னாடி ஒழுகுச்சா?"

"இல்லீங்கண்ணா."

"அடியில பெயின்ட் யாரு அடிச்சது?"

நான்தான் அடித்தேன். எட்டு வருடம் தாண்டிய வண்டி, வருடா வருடம் எஃப்.சி. பெயின்டர் கூலியை மிச்சம் பிடிக்கலாம் என்று கம்ப்ரஸரை வாடகைக்கு எடுத்து, சேஸ், ஆக்சில் எல்லாவற்றுக்கும் நானே சில்வர் அடித்திருந்தேன். அழகாகத்தான் இருந்தது.

அண்ணன் அடியில் நுழைந்து ஹவுசிங்கின் தலையில் டார்ச் அடித்தார். அங்கே பிரீதர் என்று ஒரு சின்னச் சாமான், காளான் மொட்டு மாதிரி. அதன் தொப்பி விரலால் தொட்டால் ஆட வேண்டும். என் வண்டியில் அது சில்வர் பெயின்டில் உறைந்து, ஹவுசிங்கோடு ஒரே வார்ப்பாகப் பளபளத்தது. ஸ்பேனர் போட்டு அரைச் சுற்றுத் திருப்பினார். புஸ்ஸ்ஸ் என்று காற்று வெளியே வந்தது, அதே முட்டை நாற்றத்தோடு.

லோடில் ஓடினால் ஹவுசிங் கை வைக்க முடியாதபடி சுடும். உள்ளே காற்று விரியும். அது போக இருக்கிற ஒரே வழி பிரீதர்தான். அதை அடைத்தால் காற்று எங்கே இளக்கம் என்று தேடும். ஆயில் சீலின் ரப்பர் உதடுதான் இளக்கம். எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும். மழைக்காலமாக இருந்தால் இன்னும் மோசம். சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிர்ந்தால், அதே சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆயில் மோர் மாதிரி வெளுத்துவிடும். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

பிரீதரைத் தின்னரில் ஊறவைத்து, வாயால் ஊதிப் பார்த்து மாட்டினோம். பினியன் சீல் மறுபடி புதுசு, இடது ஹப் சீலும் புதுசு. டிரம்மில் உரசிப் பிரேக் பிடிக்கும் லைனர் ஆயில் குடித்திருந்தது, அதை டீசலில் கழுவிக் காயவைத்துப் போட்டுவிடலாம் என்று பட்டறையில் ஒரு பையன் சொன்னான். வேண்டாம் என்றேன். லைனர் சூடேறினால் குடித்த ஆயில் திரும்ப மேலே கக்கும். இரண்டு பக்கமும் லைனர் மாற்றினேன், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் சமமாகப் பிடிக்காது. பெயின்டர் கூலியில் மிச்சம் பிடித்தது எவ்வளவு, இதற்குச் செலவானது எவ்வளவு என்று வீட்டில் கேட்டார்கள். சத்தம் போடாமல் புது பவுடர் டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

இந்த வருட எஃப்.சி.க்கும் நானே பெயின்ட் அடித்தேன். பிரீதர் தலையில் பாலித்தீன் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டுத்தான் கம்ப்ரஸரையே ஓடவிட்டேன். வேலை முடித்து, குளித்து, சாவியைத் திருப்பும்போது கிளீனர் பையன் கதவைத் தட்டினான்.

"அண்ணா, அந்தக் கவரு."