தமிழ்ச் சொற்களைத் துண்டாக்கும் ஒரு வரி

பைத்தான் மொழியில் இயந்திரக் கற்றலுக்குப் பயன்படும் சைக்கிட்-லேர்ன் லைப்ரரியில், உரையிலுள்ள சொற்களை எண்ணித் தரும் கவுன்ட்வெக்டரைசர் என்றொரு கருவி உண்டு. அமைப்பு எதையும் மாற்றாமல் ஒரு தமிழ்ப் பத்தியை அதனிடம் கொடுத்தால், 'நாடு', 'வீடு' போன்ற சொற்கள் பட்டியலுக்கே வருவதில்லை. 'மரம்' என்பது புள்ளி உதிர்ந்து 'மரம' என்று நிற்கிறது. கட்டற்ற மென்பொருளுக்கு நிரல் எழுத விரும்பும் தமிழர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வழுவைத்தான்.

காரணம் எளியது. எழுத்துகளுக்கு எண் தரும் யுனிகோட் முறையில் 'நாடு' என்பது ந, கால், ட, உகரக் குறி என நான்கு குறியீடுகள். உரையில் குறிப்பிட்ட அமைப்பிலான பகுதிகளைத் தேட உதவும் பைத்தானின் 're' தொகுதி, எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல்லின் உறுப்பாக ஏற்கிறது. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அதற்குச் சொல்லின் எல்லை. எதைச் சொல்லாக எடுப்பது என்று 're'க்குச் சொல்லும் சைக்கிட்-லேர்னின் இயல்புநிலை வடிவமோ (pattern) இடைவிடாமல் இரண்டு உறுப்புகளாவது வேண்டும் என்கிறது. ஆகவே 'நாடு' மறைகிறது. 're' தொகுதியின் இந்தக் குறை 2011இலேயே பைத்தானின் வழுப்பட்டியலில் பதிவாகியிருக்கிறது.

எங்கே திருத்துவது என்பதுதான் கடினமான கேள்வி. 're' தொகுதியை மாற்றினால் உலகெங்கும் அதை நம்பி ஓடும் நிரல்களின் விளைவு மாறும். சைக்கிட்-லேர்னின் இயல்புநிலையை மாற்றினால், ஏற்கெனவே பயிற்றுவித்த மாதிரிகளின் சொற்பட்டியல் மாறும். பராமரிப்பாளர்கள் தயங்குவது நியாயமே என்று உறுதியாக நம்புகிறேன். எனவே புதிதாக வருபவர் இயல்புநிலையில் கை வைக்காமல், யுனிகோடில் தமிழுக்கென ஒதுக்கிய 128 இடங்களையும் சொல்லின் உறுப்பாக ஏற்கும் வடிவம் ஒன்றைப் பயனரே கொடுப்பது எப்படி என்று விளக்கும் ஆவணப் பத்தியையும், அது சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சோதனை நிரலையும் எழுதி, முதலில் இஷ்யூ (சிக்கலைப் பற்றி விவாதிக்கும் பதிவு) ஒன்றைத் திறந்து கருத்தறிந்த பிறகு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கோரும் விண்ணப்பம்) அனுப்புவதே நல்லது.

அந்தச் சோதனையை எழுதுவதில்தான் தமிழறிந்தவரின் உழைப்பு முழுமையாகத் தேவைப்படுகிறது. அதைப் பார்வையிடுபவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஆகவே எழுத்துகளோடு அவற்றின் குறியீட்டு எண்களையும், எதிர்பார்க்கும் விடை ஏன் சரியானது என்பதையும் குறிப்பாக எழுதிவைக்க வேண்டும். (தமிழுக்கென்றே உருவான ஓப்பன்-தமிழ் லைப்ரரியில் இந்தச் சிரமம் குறைவு. பைத்தான் ஐந்து என்று எண்ணும் 'தமிழ்' என்ற சொல்லை மூன்று எழுத்துகளாகவே பிரித்துத் தருவது அது.)

'மொழி' என்ற சொல்லையும் சோதனையில் சேர்க்க வேண்டும். அதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, எண்ணும் கருவிக்கு வெவ்வேறு சொற்கள். இதைச் சரிசெய்ய உரையை முன்கூட்டியே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அது தனி வேலை என்பதால் தனி புல் ரிக்வெஸ்டாகவே அனுப்ப வேண்டும்.