பீகிள் கப்பல்: ஒரு கட்டுமான நாட்குறிப்பு

2024 ஜூன் 9, ஞாயிறு

பல மாதங்களாக அலமாரியின் மேல் இருந்த பெட்டியை இன்று காலையில்தான் பிரித்தேன். எச்.எம்.எஸ். பீகிள் கப்பலின் மர மாதிரி, அறுபதில் ஒரு பங்கு அளவு. 1820ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் தேம்ஸ் கரையிலுள்ள வூல்விச் தளத்தில் நீரில் இறக்கப்பட்டபோது அது இரண்டு பாய்மரங்களும் பத்துப் பீரங்கிகளும் கொண்ட சிறிய போர்க்கப்பலாக இருந்தது. 1825இல் பின்புறத்தில் மூன்றாவது பாய்மரத்தைச் சேர்த்து அதை ஆய்வுக் கப்பலாக மாற்றினார்கள். மெய்யான கப்பலின் நீளம் ஏறத்தாழ 27.5 மீட்டர். என் மேசையில் அது, முன்முனையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முன்தூலத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் 46 செ.மீ. வரும். ஐந்தாண்டுகள் உலகைச் சுற்றி வந்த கப்பல் இரண்டு பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியதைவிடச் சற்றே நீளமானது என்பதை அளவுகோலை வைத்துப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். இதைக் கட்ட வேண்டும் என்ற ஆசைக்கே அந்தச் சிறிய அளவுதான் காரணம்.

பாகங்களை எண்ணிச் சரிபார்ப்பதிலேயே மாலை கழிந்துவிட்டது.

2024 ஜூன் 23, ஞாயிறு

கப்பலின் அடி முதுகெலும்பான ஏராவில் குறை இருந்தது. லேசரால் வெட்டிய பிளைவுட் துண்டைக் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்தபோது நடுவில் இரண்டு மில்லிமீட்டர் தூக்கி நின்றது. ஏரா கோணினால் அதன்மேல் வரும் எதுவும் நேராக இருக்காது என்பதால், ஈரத்துணியால் துடைத்து, இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு இடையே வைத்து, மேலே அகராதிகளை அடுக்கி, நான்கு நாள் தொடாமல் விட்டேன். இப்போது நேராகிவிட்டது. மீண்டும் வளையாதிருக்க, குறுக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொன்றையும் மூலைமட்டத்தால் சோதித்த பிறகே பசை வைத்தேன்.

2024 ஜூலை 14, ஞாயிறு

மூன்று வாரமாக நடப்பது இழைப்பு வேலை மட்டுமே. கட்டுமானம் தெரிந்தவர்கள் இந்தக் கட்டத்தைத்தான் முதன்மையானதாகச் சொல்வார்கள். பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகமோ இதை இரண்டே வரியில் முடித்துவிடுகிறது. குறுக்குச் சட்டங்களின் விளிம்புகள் செங்குத்தாக வெட்டப்பட்டு வருகின்றன. ஆனால் பலகை கப்பலின் முன்முனையான அணியத்தை நோக்கி வளையும்போது ஒவ்வொரு சட்டத்தின் மேலும் வேறொரு சாய்வில் அமர வேண்டும். ஒரு மெல்லிய பட்டையைச் சட்டங்களின் மேல் படுக்க வைத்துப் பார்த்து, அது தொடாத இடத்தையும் துருத்தும் இடத்தையும் பென்சிலால் குறித்து, உப்புத்தாள் ஒட்டிய நீண்ட கட்டையால் தேய்க்கிறேன். பிறகு மறுபடி பட்டை, மறுபடி பென்சில். அணியத்தின் இரு பக்கங்களிலும் பால்சா கட்டைகளை ஒட்டி உருட்டாகச் செதுக்கினேன். பீகிளின் முகம் கூர்மையானது அன்று. வெண்ணெய்க் கட்டியை உள்ளங்கையால் தடவி வழித்தது போன்ற மழுங்கல் முகம். அங்குதான் பலகை முறியும் என்று நினைக்கிறேன்.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

முறியவில்லை. ஆனால் அதைவிட மோசமான தவறு நடந்தது, அதற்கு நானே பொறுப்பு.

நடுவயிற்றில் கப்பலின் சுற்றளவு அதிகம், அணியத்தில் குறைவு. ஆகவே ஒவ்வொரு பலகையையும் முன்முனையில் ஒடுக்கி வெட்ட வேண்டும். முதல் நான்கு பலகைகள் ஒடுக்காமலே பொருந்திவிட்டன என்ற துணிச்சலில் ஐந்தாவதையும் ஆறாவதையும் முழு அகலத்தில் வளைத்து ஒட்டினேன். ஏழாவது பலகை அணியத்தில் படியவே இல்லை. மேல் விளிம்பு எழும்பி, கீழ் விளிம்பு மட்டும் சட்டத்தைத் தொட்டது. இரவு முழுவதும் கிளிப் போட்டு வைத்தும் பயனில்லை. கிளிப்பை எடுத்ததும் எழுந்துவிட்டது. மரத்தை இப்படி வலுக்கட்டாயமாக அடக்கி ஒட்டினால் அந்த இழுவிசை உள்ளேயே தங்கி, ஒரு மழைக்காலத்தில் வெடிப்பாக வெளிவரும்.

ஆகவே கடைசி மூன்று பலகைகளையும் இரு பக்கங்களிலும் கழற்றினேன். வெந்நீரில் நனைத்த பஞ்சை ஒட்டு வாயில் வைத்து, பசை வெளுத்து இளகும் வரை காத்திருந்து, கத்தியின் மழுங்கிய பக்கத்தால் நெம்ப வேண்டும். ஒரு பலகைக்கு நாற்பது நிமிடம் ஆனது. பிறகு ஒவ்வொரு சட்டத்திலும் மீதமுள்ள உயரத்தைக் காகிதத் துண்டால் அளந்து, மீதமுள்ள பலகைகளின் எண்ணிக்கையால் வகுத்து, அந்தந்த இடத்துக்கான அகலத்தைப் பலகையிலேயே குறித்தேன். ஐந்து மில்லிமீட்டர் பலகை அணியத்தில் மூன்றரையாக ஒடுங்கியது. இன்று மாலை ஏழாவது பலகை விரல் நுனி அழுத்தத்திலேயே படிந்தது. அளந்து வெட்டிய பலகைக்குக் கிளிப்பே தேவைப்படவில்லை.

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

முதல் அடுக்கு முடிந்தது. அதன்மேல் ஒட்டும் வால்நட் அடுக்கும் பாதி ஆகிவிட்டது. தளப் பலகைகளின் ஒரு விளிம்பில் மட்டும் மென்மையான பென்சிலை ஓட்டி ஒட்டுகிறேன்; கப்பலில் சணலும் தாரும் அடைத்துக் கலப்பத்து பார்த்த கோடு போல அது தெரிகிறது.

2024 அக்டோபர் 2, புதன்

விடுமுறை. 1836ஆம் ஆண்டு இதே நாளில்தான் பீகிள் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்குத் திரும்பியது. அந்த நாளில் பின்னறையைச் செய்ய வேண்டும் என்று முன்பே எண்ணியிருந்தேன்.

பெட்டியில் பின்னறைக்கு வெளிச்சுவரும் கதவும் மட்டுமே உண்டு, உள்ளே வெறுமை. மேற்கூரையை ஒட்டிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த ஐந்தாண்டுப் பயணத்தில் இயற்கையியலாளர் சார்லஸ் டார்வின் வாழ்ந்தது அந்த அறையில்தான். சுமார் பத்தடிக்குப் பதினோரடி இருந்த அந்த இடத்தின் நடுவில் வரைபட மேசை கிடந்தது. கடலளவைப் பணியிலிருந்த ஜான் லார்ட் ஸ்டோக்ஸ் அதே மேசையில்தான் வரைந்துகொண்டிருந்தார். இரவில் மேசைக்கு மேலே தூளிப் படுக்கையைக் கட்டிக்கொண்டு டார்வின் உறங்கினார். ஆறடி உயரமுள்ளவர் என்பதால் நீட்டிப் படுக்க இடமில்லாமல், சுவரோர அலமாரியின் இழுப்பறை ஒன்றைக் கழற்றி அந்தப் பள்ளத்தில் தூளியின் கால்பக்கத்தைச் செருகிக்கொள்ள வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு மூன்றாவது பாய்மரம் அறையின் தரையைத் துளைத்துக் கூரை வழியே மேலே போனது.

என் அளவில் அந்த அறை 51க்கு 56 மில்லிமீட்டர். டார்வினின் உயரம் முப்பது மில்லிமீட்டர், ஒரு தீக்குச்சியைவிடக் குட்டை. மிஞ்சிய வால்நட் பட்டைகளால் மேசையைச் செய்தேன். அலமாரிக்கு இழுப்பறைகளைக் கத்திமுனையால் கோடு கீறிக் காட்டி, மேல் வரிசையில் ஒன்றை மட்டும் வெட்டியெடுத்துக் குழியாக விட்டேன். பழைய கைக்குட்டையின் ஓரத்தில் ஒரு துண்டை நறுக்கித் தூளியாகக் கட்டினேன். பாய்மரம் வரவேண்டிய துளையை மேசைக்குப் பின்னால் ஏரா வரை நேராக இறக்கி, சிறு குச்சியை விட்டு மூன்று முறை சோதித்தேன்.

மாலையில் விளக்கைத் தாழ்த்தி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கூரையை ஒட்டிவிட்டேன்.

2024 நவம்பர் 10, ஞாயிறு

மழை விடவில்லை, பசை காய இரு மடங்கு நேரமாகிறது. அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு ஒட்டும் வேலை மட்டும் நடக்கிறது. மரத்தைத் துளைக்கும் கடற்புழுவைத் தடுக்கவே அக்காலக் கப்பல்களுக்குச் செப்பு உறை போட்டார்கள். 1831 பயணத்துக்கு முன் கப்பல்தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் பீகிளின் அடியில் இரண்டு அங்குலக் கூடுதல் பலகையை அடித்து அதன்மேல் செப்பைப் போர்த்தச் செய்தார். நான்கடி நீளத் தகடு எனக்கு இருபது மில்லிமீட்டர். பின்னிருந்து முன்னோக்கி ஒட்ட வேண்டும். அப்போதுதான் முன்தகடு பின்தகட்டின் மேல் ஏறி நிற்கும், எதிர்வரும் நீர் விளிம்பில் புகுந்து தகட்டைப் பிய்க்காது.

2024 டிசம்பர் 15, ஞாயிறு

முன்மரமும் நடுமரமும் நின்றுவிட்டன. இரண்டிலும் பெட்டியில் இல்லாத ஒன்றைச் சேர்த்தேன்: உச்சியிலிருந்து அடிவரை முடியளவு அகலமுள்ள செப்புப் பட்டை. வில்லியம் ஸ்னோ ஹாரிஸ் வகுத்த முறைப்படி மரத்திலேயே பதித்த இடிதாங்கிகளை ஃபிட்ஸ்ராய் பீகிளுக்குப் பொருத்தினார். அந்த ஐந்தாண்டில் கப்பலுக்கு மின்னலால் சேதம் ஏற்படவில்லை. கடலில் துல்லியமாக நேரம் காட்டும் கடிகாரங்களான காலமானிகள் இருபத்திரண்டைச் சுமந்து சென்ற ஒரு தலைவரின் கவனம் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு, இந்தப் பட்டை எனக்குப் பீரங்கிகளைவிடப் பெரிய சான்று.

2025 ஜனவரி 19, ஞாயிறு

கயிற்று ஏணிகள். மரத்தைப் பக்கவாட்டில் இழுத்து நிறுத்தும் கயிறுகளின் குறுக்கே, ஆறரை மில்லிமீட்டருக்கு ஒரு படி. ஓரக் கயிறுகளில் ஒற்றை முடிச்சு, நடுக்கயிறுகளில் இருமுறை சுற்றி இறுக்கும் சுருக்கு. நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொண்டால் பிசிறு அடங்கும். அட்டையில் கோடுகளைப் போட்டுக் கயிறுகளுக்குப் பின்னால் செருகி, அதைப் பார்த்தே கட்டுகிறேன். கீழிருந்து மேலாகத் தொடர்ந்து கட்டினால் ஓரக் கயிறுகள் உள்வாங்கி இடை சிறுத்துவிடுகிறது. ஆகவே ஐந்து படிக்கு ஒன்றாக முதலில் கட்டி, பிறகு இடைவெளிகளை நிரப்புகிறேன். ஒரு நாளைக்கு எட்டுப் படிக்கு மேல் கண் தாங்கவில்லை, அதற்கு மேல் போனால் முடிச்சின் இறுக்கம் மாறிவிடுகிறது.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

பின்தளம் கைக்குத் தடையின்றி இருக்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த மூன்றாவது பாய்மரத்தை இன்று இறக்கினேன். அதற்கும் செப்புப் பட்டை உண்டு. கூரைத் துளையில் நுழைத்ததும் மரம் முதலில் தளர்வாக இறங்கியது. பாதியில் ஒரு பக்கம் மெல்ல உரசியது. அது மேசையின் பின்விளிம்பாக இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்தபோது உரசல் நின்றது. இன்னும் கொஞ்சம் இறக்கினேன். அடிமுனை ஏராவின் குழியைத் தொட்டு அமர்ந்த சிறு தட்டலை விரல்கள் உணர்ந்தன.