ஆச்சி பெயருக்கு ஓர் அர்ச்சனை

சித்திரை மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை வைத்தீஸ்வரன்கோயிலில் எள் போட்டால் எள் விழாது. காரைக்குடிச் சீமையிலிருந்து நகரத்தார் பெருமக்கள் பாதயாத்திரையாக வந்து சேரும் நாள் அது. அக்னி வெயில் தொடங்கும் முன்பே தார்ச்சாலை கொதிக்கத் தொடங்கிவிடும். அதில் நாள்கணக்கில் நடந்து, கையில் கம்பும் தோளில் பையுமாகக் கோயில் வீதிக்குள் நுழைவார்கள். கூட்டத்துக்கு அஞ்சி அந்த நாளைத் தவிர்ப்பவர்கள் உண்டு. 2015ஆம் ஆண்டு என் அம்மா அந்த நாளில்தான் போயாக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். எல்லோரும் ஆச்சி என்று அழைக்கும் நடிகை மனோரமா நலம்பெற வேண்டிக்கொள்ளத்தான் அந்தப் பயணம்.

எங்கள் ஊர் மன்னார்குடி. 1937இல் கோபிசாந்தா என்ற பெயரோடு மனோரமா பிறந்த ஊர். தகப்பனார் கைவிட்டுவிட, தாயார் ராமாமிர்தம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்குப் போனார். வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். நாடக மேடை அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டது. 1958இல் திரைக்கு வந்தவர் ஆயிரம் படங்களைத் தாண்டினார், கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார், 2002இல் பத்மஸ்ரீ பெற்றார். பெற்றது எங்கள் ஊர், வளர்த்தது பள்ளத்தூர் என்று அம்மா எப்போதும் சொல்வார். செட்டிநாட்டார், நோய் தீர்க்கும் அம்பாள் தையல்நாயகியிடம் வந்து நிற்கும் நாளில் ஆச்சிக்காக வேண்டினால் அது கட்டாயம் பலிக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. எனக்கும் அதில் மாற்றுக்கருத்து இல்லை.

அந்த ஆண்டுகளில் ஆச்சி மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். அவரைப் பற்றி அவ்வப்போது பரவிய வதந்திகளைக் கேட்டு எங்கள் தெருப் பெண்கள் பதறிப்போவார்கள். அடுப்பில் உலை கொதிக்க, வாசலில் நின்று "உண்மையா, உண்மையா" என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். பொய் என்று தெரிந்ததும் அழுதுவிடுவார்கள். வீட்டில் ஒரு மூத்த பெண்மணி படுத்துவிட்டால் என்ன தவிப்பு இருக்குமோ, அந்தத் தவிப்பு.

விடியற்காலை பஸ் ஏறி மயிலாடுதுறை வழியாகப் போய் இறங்கினோம். முதலில் சித்தாமிர்தத் தீர்த்தம். நோய் கரைய வேண்டும் என்று குளத்தில் வெல்லம் போடுவது இங்கே வழக்கம். அம்மா அச்சுவெல்லத்தை அப்படியே எறியவில்லை. படியில் உட்கார்ந்து, உள்ளங்கையில் வைத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, முழுவதும் கரையும் வரை கையை எடுக்காமல் இருந்தார். விரல்களுக்கு நடுவே பழுப்பாக நூல்நூலாக அது பிரிந்து போவதை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்தவர்கள் அவசரப்படுத்தியும் அவர் எழவில்லை.

உள்ளே மிளகும் உப்பும் கொட்டும் இடத்தில்தான் அந்த மூதாட்டியைப் பார்த்தோம். பாதமெல்லாம் வெடித்து, மஞ்சள் புடவையில் புழுதி படிந்து, கம்பை ஊன்றி நின்றார். "எந்த ஊர் ஆச்சி?" என்று கேட்டேன். பள்ளத்தூர்ப் பக்கம் என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னார். "நானும் அவளையும் சேர்த்துத்தான் நடந்து வந்தேன் தாயி. மேடையில் பாட ஆரம்பித்தபோது அவள் சின்னப் பெண். எங்கள் ஊரே திரண்டு போய்ப் பார்க்கும்" என்றார் அவர். அதற்குப் பிறகு மூவரும் சேர்ந்தே வரிசையில் நின்றோம்.

வைத்தியநாதர் சன்னதியில் குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். "கோபிசாந்தா" என்றார் அம்மா. நட்சத்திரம் தெரியவில்லை. உறவா என்று கேட்டார் குருக்கள். அம்மா பதில் சொல்லும் முன் பள்ளத்தூர் ஆச்சி, "மனோரமாவுக்கு சாமி, உடம்பு சரியில்லை" என்றார். குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். வரிசை நெருக்கிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் சுவாமி பெயருக்கே சங்கல்பம் செய்து, இடையில் நிறுத்தி நிதானமாக அந்தப் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்தார். தட்டில் வைத்த காசைத் திருப்பி அம்மாவிடமே கொடுத்துவிட்டார். அம்மா அதை உண்டியலில் போட்டார்.

தையல்நாயகி சன்னதிக்கு வந்தபோது கூட்டம் எங்களைத் தூக்கிக்கொண்டுதான் போனது. கணவர் வைத்தியம் பார்க்க, கையில் தைலப் பாத்திரம் ஏந்தி உடன் நிற்கும் அம்பாள் அவள். நோயாளிக்குப் பக்கத்தில் ஒரு பெண் துணை வேண்டும் என்று அறிந்த தெய்வம் என்றே எனக்குத் தோன்றும். திரையில் ஆச்சி ஏற்ற எத்தனையோ அம்மாக்களின், அக்காக்களின் முகங்கள் அங்கே நினைவுக்கு வந்தன. நம்மைச் சிரிக்கவைத்துக்கொண்டே அழவைத்த முகங்கள். பிள்ளைத்தமிழ் பாடிக் குமரகுருபரர் கொஞ்சிய செல்வமுத்துக்குமாரசுவாமியையும் சேவித்துவிட்டுத் திருச்சாந்துருண்டை வாங்கினோம். ஜடாயு குண்டத்து விபூதியும் தீர்த்தத்து மண்ணும் சேர்த்து, ஐந்தெழுத்து ஓதி அரைத்து உருட்டுவது இந்தத் தலத்தின் மருந்து.

நடந்து வந்தவர்கள் தங்கள் கம்பைக் கோயிலில் சேர்ப்பிக்கும் இடத்தில் பள்ளத்தூர் ஆச்சி விடைபெற்றார். தம் பங்குச் சாந்துருண்டையில் இரண்டை எடுத்து அம்மாவிடம் கொடுத்து, "நீங்கள் படித்த பிள்ளையோடு வந்திருக்கிறீர்கள், அவளுக்கு அனுப்பிவிடுங்கள்" என்றார். ஊர் திரும்பிய மறுநாள் விபூதி, குங்குமத்தோடு அவற்றைக் காகிதத்தில் மடித்து உறைக்குள் வைத்தேன். "ஆச்சி மனோரமா, தியாகராய நகர், சென்னை" என்று மட்டும் முகவரி எழுதச் சொன்னார் அம்மா. கதவு எண் வேண்டாமா என்று கேட்டேன். தபால்காரருக்குத் தெரியாதா என்றார்.

அந்த அக்டோபர் 10ஆம் தேதி இரவு ஆச்சி காலமானார். மறுநாள் முழுவதும் அம்மா தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார். வேண்டுதல் வீணாகிவிட்டதா என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டார். "நூறு வயது கொடு என்று நான் கேட்கவில்லை. வலி இல்லாமல் வைத்துக்கொள் என்றுதான் கேட்டேன். அவள் பட்டதெல்லாம் சின்ன வயதிலேயே பட்டாயிற்று" என்றார் அம்மா.

பிறகும் நாங்கள் வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போகிறோம். மூத்த கலைஞர் யாராவது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் என்று செய்தி வந்தால் அம்மா என்னிடம் முதலில் கேட்பது அவருடைய இயற்பெயரைத்தான். நட்சத்திரமும் தெரிந்தால் நல்லது என்பார். தெரியாவிட்டால் சுவாமி பெயருக்கே செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மிளகையும் உப்பையும் பொட்டலம் கட்டத் தொடங்குவார்.