டிகாக்‌ஷன் இறங்கவில்லையா?
உடனே பொடியைக் குறை சொல்லாதீர்கள். பில்டரின் மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், பாதி ஓட்டை அடைத்திருக்கும். காப்பிக்கொட்டையில் இருக்கிற எண்ணெய் நைஸ் பொடியோடு சேர்ந்து ஓட்டையில் பிசுபிசுவென்று ஒட்டிக் காய்ந்து, நாளாக நாளாக சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும், அது டிகாக்‌ஷனிலும் இறங்கும். சக்கையைத் தட்டியதுமே சுடுதண்ணீரில் கழுவிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

அடைத்தே போய்விட்டதா? எவர்சில்வர் என்றால் அடிப்பக்கத்தைக் கேஸ் தீயில் கொஞ்சம் காட்டுங்கள், தூள் கருகிப் புகையும், ஆறியதும் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். ஊசியால் மட்டும் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகி அப்புறம் தூளும் சேர்ந்து இறங்கும். ஈயம் பூசிய பித்தளை பில்டருக்குத் தீ ஆகவே ஆகாது (வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்), அதற்குச் சோடா உப்பு போட்ட வெந்நீரில் ஊறவைப்பதுதான் சரி.