ரத்தம் கசிந்த இடத்தை ஒதுக்கித் துலக்கிய வருடங்கள்

நான் பல் மருத்துவரிடம் போனது எனக்காக அல்ல, மகனுக்காக. அவனுக்கு ஏழு வயது. கீழ்த்தாடையின் கடைசிப் பல்லில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. பால் பல்தானே, எப்படியும் விழுந்துவிடப் போகிறது என்று நினைத்து மூன்று மாதம் தள்ளிப்போட்டிருந்தேன். மருத்துவர் சிறு கண்ணாடியை அவன் வாய்க்குள் வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது பால் பல் இல்லை. இனி இவன் ஆயுள் முழுக்க வைத்திருக்க வேண்டிய பல்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. ஆறு வயதை ஒட்டி, பால் பற்களின் வரிசைக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. ஒரு பல் விழுந்தால் வீடே கவனிக்கும். விழாமல் முளைப்பதை யார் கவனிப்பார்கள்? பால் பற்கள் இருபதுதான், ஒவ்வொரு தாடையிலும் பக்கத்துக்கு ஐந்து. முன்பல்லிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் ஆறாவதாக இருப்பது நிரந்தரப் பல். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் யாரைப் பார்த்தாலும் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

நல்லவேளையாக, சொத்தை ஆழமாகப் போகவில்லை. அந்தப் பல்லைச் சுத்தம் செய்து அடைத்தார். மற்ற மூன்று கடைவாய்ப்பற்களின் மேல்பரப்பில் இருக்கும் பள்ளங்கள் பிரஷ்ஷின் ஒரு இழைகூட இறங்க முடியாத அளவு குறுகலானவை என்பதால், அவற்றில் பாதுகாப்புப் பூச்சு போட்டார். பல்லைத் துளைக்கவே இல்லை. ஒரு களிம்பைத் தடவி, கழுவி, உலர்த்தி, திரவமாக ஒன்றை ஊற்றி, நீல ஒளி காட்டி இறுகச் செய்தார். மகன் அழவில்லை.

அவன் நாற்காலியை விட்டு இறங்கியதும் மருத்துவர் கேட்டார்: "நீங்கள் கடைசியாக எப்போது பல்லைக் காட்டினீர்கள்?"

11 வருடம் ஆகியிருந்தது. இரண்டு வருடங்களாகத் துலக்கும்போது எச்சிலில் ரத்தம் கலந்து வருவதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ரத்தம் வருகிற இடத்தை என்ன செய்வீர்கள்?"

"அங்கே மட்டும் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்வேன். புண் ஆறட்டும் என்று."

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பெரும்பாலும் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

அடுத்த இருபது நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். மில்லிமீட்டர் கோடுகள் போட்ட, முனை மழுங்கிய மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெதுவாக இறக்கி அளந்தார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொண்டே வந்தார். மூன்று, இரண்டு, மூன்று. இரண்டு, இரண்டு, மூன்று. மூன்று வரை இருந்தால் ஈறு பல்லை ஒட்டிப் பிடித்திருக்கிறது என்று பொருள் என்பதை முன்பே சொல்லியிருந்தார். அதனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். வலது பக்கம் வந்ததும் எண்கள் மாறின. நான்கு, ஐந்து, நான்கு. ஐந்து, நான்கு, ஆறு. நான் பிரஷ் படாமல் காத்துவந்த அதே இடம். ஞானப்பற்கள் போக என் வாயில் இருப்பவை 28. மொத்தம் 168 எண்கள். அவற்றில் 41 எண்கள் நான்கோ அதற்கு மேலோ இருந்தன.

எக்ஸ்ரேயில் பற்களுக்கு நடுவே தாடை எலும்பின் விளிம்பைக் காட்டினார். சில இடங்களில் அது கீழே இறங்கியிருந்தது. "போன எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது. இருக்கிற எலும்பைக் காப்பாற்றிக்கொள்ளலாம்" என்றார். ஒரு நாள்கூட வலித்ததில்லையே என்று கேட்டேன். ஈறு நோய் அப்படித்தான் என்றார். சொத்தைப் பல்லாவது ஒரு கட்டத்தில் ராத்திரி தூங்கவிடாமல் செய்து மருத்துவரிடம் போக வைக்கும். ஈறு நோய் பல் ஆடத் தொடங்கும் வரைகூடச் சத்தமில்லாமல் இருந்துவிடும். பெரும்பாலும் ரத்தம்தான் அது முதலில் தரும் அடையாளம். புகைபிடிப்பவர்களுக்கு அந்த ரத்தமும் குறைவாகவே தெரியும் என்பதால் நோய் இன்னும் மறைந்து வளரும் என்றும் சொன்னார்.

என் வாயில் நடந்தது இதுதான். துலக்கிய சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் கிருமிகள் சேர்ந்து ஒரு மெல்லிய படலம் உருவாகத் தொடங்குகிறது. அது மென்மையானது, பிரஷ் பட்டால் போய்விடும். போகாமல் தங்கினால், உமிழ்நீரில் இருக்கும் தாதுக்கள் அதில் படிந்து கல்போல் இறுகுகிறது. அதைத்தான் காரை என்கிறோம். இறுகியதை எந்தப் பிரஷ்ஷாலும் எந்தப் பற்பசையாலும் எடுக்க முடியாது. அதன் சொரசொரப்பில் புதிய படலம் இன்னும் எளிதாக ஒட்டுகிறது. ஈறு வீங்கி, தொட்டாலே ரத்தம் கசிகிறது. ரத்தத்தைக் கண்டு நான் அந்த இடத்தை ஒதுக்கினேன். ஒதுக்கியதால் படலம் தங்கியது, தங்கியதால் ரத்தம் கூடியது. புண் என்று நினைத்துக் காப்பாற்றியதுதான் நோயை வளர்த்திருக்கிறது. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் இதே நினைப்புதான்.

ஸ்கேலிங், அதாவது காரையைப் பெயர்த்தெடுக்கும் சுத்தம், செய்யப் போகிறேன் என்றதும் என் மாமியார் பதறிப்போனார். "வேண்டாம்மா, சுரண்டினால் பல் ஆடும், இடுக்கு விழும்" என்றார். அவர் பயத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. செய்துகொண்டவர்கள் பலர் இடைவெளி விழுந்ததாகச் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். மருத்துவரிடமே கேட்டேன். அவர் மறைக்காமல் பதில் சொன்னார்: "இடைவெளி தெரியத்தான் செய்யும். அங்கே ஏற்கெனவே ஈறும் எலும்பும் இறங்கிவிட்டன. அந்தப் பள்ளத்தைக் காரை நிரப்பியிருக்கிறது, வீக்கம் மூடியிருக்கிறது. இரண்டும் போனால் உள்ளது உள்ளபடி தெரியும். சில நாள் பல் கூசும்." இதை முன்கூட்டியே கேட்டது எனக்குப் பெரிய பலமாக இருந்தது. பிறகு கண்ணாடியில் பார்த்தபோது நான் பயப்படவில்லை.

சிகிச்சை இரண்டு அமர்வுகளாக நடந்தது. முதல் நாள் வலது பக்கம், ஒரு வாரம் கழித்து இடது பக்கம். ஈறுக்கு அடியில், வேர் வரை போய்ச் சுத்தம் செய்ய வேண்டியிருந்ததால் மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஊசி குத்தும் அந்த ஒரு கணம்தான் வலி. அதற்குப் பிறகு சத்தம்தான். அதிரும் முனையுள்ள கருவி நீரைப் பீய்ச்சிக்கொண்டே காரையைப் பெயர்க்கும்போது எழும் கீச்சொலி மண்டைக்குள் கேட்கும். மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் நீர் தொண்டைக்குள் இறங்குவதுபோன்ற பதற்றம் அடங்கிவிடுகிறது. வேண்டியபோது கையை உயர்த்தினால் நிறுத்துவதாகச் சொல்லியிருந்தார், இரண்டு முறை உயர்த்தினேன், இரண்டு முறையும் நிறுத்தினார். பிறகு கையால் பிடிக்கும் சிறு கருவிகளைக் கொண்டு வேரின் பரப்பை ஒவ்வொரு பல்லாகச் சுத்தம் செய்தார். உதடு மரத்திருந்தது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அது தெளியும் வரை எதையும் மெல்லவோ சூடாகக் குடிக்கவோ கூடாது, உதட்டைக் கடித்துக்கொண்டாலும் சுட்டுக்கொண்டாலும் தெரியாது.

இரண்டு நாள் ஈறு நொந்துகிடந்தது. மூன்று வாரம் கூச்சம் இருந்தது, கூச்சத்துக்கான பற்பசையால் மெல்ல மெல்லக் குறைந்தது. குளோர்ஹெக்சிடின் என்ற மருந்து கலந்த கொப்பளிப்புத் திரவத்தை இரண்டு வாரத்துக்கு மட்டும் கொடுத்தார். பல் துலக்கிய உடனே அதைக் கொப்பளித்தால் பற்பசையில் இருக்கும் பொருள்கள் அதன் வேலையைக் கெடுக்குமாம், அதனால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

எனக்கு உண்மையான சிகிச்சை, துலக்கக் கற்றுக்கொண்டதுதான். 43 வயதில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாம் அமர்வுக்கு முன், படலம் தங்கிய இடத்தை நிறமேற்றிக் காட்டும் ஒரு சாய மாத்திரையைக் கொடுத்து மெல்லச் சொன்னார். கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், காலையில் நன்றாகத் துலக்கியதாக நான் நம்பிய பற்களில் ஈறை ஒட்டி வரிசையாகச் சாயம் ஏறியிருந்தது. கீழ் முன்பற்களின் உட்புறம் முழுக்கவே சிவப்பு. கடைசிப் பல்லின் பின்பக்கமும் அப்படித்தான். சிரித்தால் வெளியே தெரியும் பக்கம் மட்டும்தான் சுத்தமாக இருந்தது.

மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து வைத்து, அழுத்தாமல், நகத்தளவு தூரத்துக்கு மட்டும் அசைக்கச் சொன்னார். இழைகளில் பாதி பல்லின் மீதும் பாதி ஈறின் ஓரத்திலும் இருக்க வேண்டும். இரண்டு மூன்று பற்களாக நகர்ந்து, வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பக்கம் என்று முழு வாயையும் சுற்றி வர இரண்டு நிமிடமாவது ஆகும். கடிகாரம் வைத்துப் பார்த்தபோது என் பழைய வேகத்தில் நாற்பது நொடியில் முடித்துக்கொண்டிருந்தேன். பற்களின் இடுக்குக்குத் தனியாகச் சிறு பிரஷ். என் வாய்க்கு மூன்று அளவுகள் தேவைப்பட்டன. இறுக்கமில்லாமலும் தொளதொளவென்று இல்லாமலும் நுழைவதே சரியான அளவு. அதுகூட நுழையாத முன்பற்களுக்கு நூல்.

"ரத்தம் வந்தால் நிறுத்தாதீர்கள். அங்கேதான் உங்களுக்கு வேலை" என்றார். முதல் நாள் பேசின் முழுக்கச் சிவப்பு. கை தானாகப் பின்வாங்கியது. நான்காம் நாளும் வந்தது, ஆனால் குறைவாக. பத்தாம் நாள் வலது பக்கத்தைத் துலக்கித் துப்பினேன், நுரை வெள்ளையாக இருந்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்த வெள்ளை. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதன் பிறகு வீட்டில் எல்லோருடைய வாயையும் காட்டினோம். கணவருக்குச் சாதாரண ஸ்கேலிங் போதுமாக இருந்தது. மாமியாருக்கு நீரிழிவு இருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் கடுமையாகும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும் என்று மருத்துவர் சொன்னது அவருக்குப் புதிது, எனக்கும்தான். மேல்வரிசைக்கு அவர் கழற்றி மாட்டும் பல்செட் வைத்திருந்தார், தூங்கும்போதும் கழற்ற மாட்டார். பல் இல்லாத முகத்தை யாரும் பார்க்கக்கூடாது என்பது அவர் எண்ணம். அதன் அடியில் மேலண்ணம் சிவந்து பூஞ்சைத் தொற்று இருந்தது. இப்போது இரவில் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் சோப்பு போட்டுத் தேய்த்து, குளிர்ந்த நீரில் போட்டுவைக்கிறார். பற்பசை அதைக் கீறிவிடும், சுடுநீர் அதன் வடிவத்தைக் கெடுக்கும். மருந்தும் போட்டார், சிவப்பு போய்விட்டது. அவர் கழற்றும் நேரத்தில் நாங்கள் யாரும் அந்த அறைப் பக்கம் போவதில்லை. அந்த மரியாதை அவருக்கு மருந்தளவு முக்கியம் என்று நான் நம்புகிறேன்.

மகனுக்கு இரவில் நான்தான் துலக்கிவிடுகிறேன். அவனை எனக்கு முன்னால் நிறுத்தி, தலையைப் பின்னால் என் மீது சாய்த்துக்கொண்டால் வாய் முழுக்கத் தெரிகிறது. ஏழெட்டு வயது வரை குழந்தைகளின் கைக்கு அந்தத் திறன் வருவதில்லை. பட்டாணி அளவு புளூரைடு பற்பசை போதும். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் அரிசி மணி அளவு. துலக்கி முடித்ததும் நுரையைத் துப்புவதோடு சரி, தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பதில்லை. கொப்பளித்தால் பல்லின் மீது தங்க வேண்டிய புளூரைடு கழுவப்பட்டுவிடும். இந்தப் பழக்கத்துக்கு வர எனக்குத்தான் அதிக நாள் ஆனது. இரவுத் துலக்கலுக்குப் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடுவதால், பகலில் அமிலத்தைக் கழுவிவிடும் காவல் அப்போது இருப்பதில்லை. இனிப்பை நான் தடை செய்யவில்லை, சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். ஒவ்வொரு முறை இனிப்பு உள்ளே போகும்போதும் அரை மணி நேரமோ அதற்கு மேலோ பல் அமிலத்தில் நனைகிறது, அதனால் எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் அதே நாற்காலி, அதே கம்பி, அதே உதவியாளர். இம்முறை கண்ணைத் திறந்துகொண்டு கேட்டேன். வலது பக்கம் மூன்று, மூன்று, நான்கு. மூன்று, இரண்டு, மூன்று. முன்பு ஆறாக இருந்த இடம் நான்கு. 41 இடங்கள் ஒன்பதாகக் குறைந்திருந்தன. மேல்வரிசை இடது கடைவாய்ப்பல்லில், வேர்கள் பிரியும் இடத்தில் மட்டும் ஐந்து இறங்கவில்லை. அங்கே மறுபடியும் ஊசி போட்டுச் சுத்தம் செய்தார். அந்த இடுக்குக்கு ஒரு அளவு பெரிய பிரஷ்ஷை மாற்றிக் கொடுத்து, எந்தப் பக்கமிருந்து நுழைக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். அடுத்த அளவீடு இன்னும் மூன்று மாதத்தில்.